பையன் ஃப்ராட்டில் சேர்கிறான்

அமெரிக்காவில் முதல் வருடம் படிக்கும் அண்ணன் மகன் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, "அம்மா, நான் ஃப்ராட்ல சேரலாம்னு இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறான். அண்ணி பதில் பேசாமல் போனை அண்ணன் கையில் திணித்துவிட்டுப் பூஜையறைக்குப் போய்விட்டார். பத்தே நிமிடத்தில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "டேய், லோன் போட்டு அனுப்பி வச்சா, அவன் ஏதோ ஃப்ராடு கும்பல்ல சேரப்போறானாம். அதையும் நம்மகிட்டயே சொல்லிட்டுச் சேர்றான். என்னன்னு விசாரி."

விசாரித்தேன். ஃப்ராட் என்பது ஃப்ராட்டர்னிட்டியின் செல்லப் பெயர். கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கம். கல்லூரி திறந்ததும் 'ரஷ்' நடக்கும். நம் ஊரில் ரஷ் என்றால் தீபாவளிக்கு முந்தைய நாள் கோயம்பேடு. அங்கே சங்கங்களின் வீடு வீடாகப் போய்க் கைகுலுக்கிச் சிரிக்க வேண்டும். பிடித்துப்போனால் 'பிட்' என்று சேர்வதற்கான அழைப்பைக் கொடுப்பார்கள். நம் ஊரில் பிட் அகப்பட்டால் மூன்று வருடம் டிபார். அங்கே பிட் கிடைத்தால் விருந்து. ஃப்ராட், ரஷ், பிட்: இந்த மூன்று சொற்களையும் அண்ணியிடம் ஒரே வாக்கியத்தில் சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

"எதுல சேர்றதுன்னு தெரியல சித்தப்பா. நீங்கதான் சும்மா இருக்கீங்களே, கொஞ்சம் படிச்சுட்டுச் சொல்லுங்க" என்றான் பையன். சும்மா இருப்பவனுக்கு உள்ள ரோஷத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். இரண்டரை நூற்றாண்டுச் சரித்திரத்தில் திரும்பத் திரும்ப ஒரே கதைதான் வருகிறது. எவனையோ எவனோ பந்தியில் உட்காரவைக்கவில்லை. அவன் கோபித்துக்கொண்டு வெளியே போய்த் தனிப் பந்தி போட்டான். அடுத்த வருடம் அவன் பந்தியில் வேறு எவனுக்கோ இலை கிடைக்கவில்லை.

ஆரம்பம் வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்ற ஊரில், வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில். 1750-ல் அங்கே எஃப்.ஹெச்.சி. என்றொரு ரகசியச் சங்கம் இருந்தது. மூன்று எழுத்துக்கு விரிவு என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஆகவே வெளியாட்கள் தாங்களாகவே 'ஃப்ளாட் ஹாட் கிளப்', தட்டைத் தொப்பிச் சங்கம், என்று விரித்துக்கொண்டார்கள். தாமஸ் ஜெஃபர்சன் அதில் உறுப்பினர். அந்தச் சங்கத்துக்கு உருப்படியான நோக்கம் எதுவும் கிடையாது என்று கிழவரான பிறகு ஒரு கடிதத்தில் எழுதிவைத்தார். நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவரே சொல்லிவிட்டார். இத்தோடு ஆராய்ச்சியை முடித்திருக்கலாம்.

1773-ல் அங்கேயே பி.டி.ஏ. என்று இன்னொன்று வந்தது. 'ப்ளீஸ் டோண்ட் ஆஸ்க்', தயவுசெய்து கேட்காதீர்கள், என்று அதற்கும் ஊர் ஒரு விரிவு கொடுத்தது. ஜான் ஹீத் என்ற மாணவர் இந்தச் சங்கங்களில் ஒன்றில் இடம் கேட்டு, கிடைக்காமல் போனார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஹீத்துக்குக் கிரேக்கம் நன்றாக வரும். நீங்கள் லத்தீனில் பீற்றிக்கொள்கிறீர்களா, நான் கிரேக்கத்தில் பீற்றிக்கொள்கிறேன் பார் என்று 1776 டிசம்பர் 5 அன்று நாலு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஃபை பீட்டா காப்பாவைத் தொடங்கினார். இடம், ராலே டாவர்ன் என்ற மதுக்கடை என்பார்கள். தேதியைக் கவனியுங்கள். சுதந்திரப் பிரகடனம் வந்து ஐந்து மாதம். வாஷிங்டனின் படை நியூ ஜெர்ஸி வழியாகப் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. நாடு பிழைக்குமா என்று தெரியாத அந்த டிசம்பரில், பிள்ளைகள் கையை எப்படிக் குலுக்கினால் மற்றவனுக்குத் தெரியாது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் வந்த எல்லாரும் பிரதியெடுத்த சாமான்கள் அத்தனையும் இங்கேயே தயார்: ரகசியக் கைகுலுக்கல், சத்தியப் பிரமாணம், வெள்ளிப் பதக்கம், கிரேக்கத்தில் ஒரு தத்துவ வாசகம். ஞானத்தின் மேல் கொண்ட அன்பே வாழ்க்கைக்கு மாலுமி என்பது அதன் பொருள். ஏல், ஹார்வர்டு கல்லூரிகளில் கிளைகள் திறந்தார்கள். 1781-ல் போர் வாசலுக்கே வந்து வில்லியம் அண்ட் மேரி மூடப்பட, தாய்ச்சங்கம் படுத்தது, கிளைகள் பிழைத்தன. 1831-ல் ஹார்வர்டு கிளை ரகசியத்தையெல்லாம் கைவிட்டது. இன்று ஃபை பீட்டா காப்பா என்பது நல்ல மார்க் வாங்கியவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டும் கௌரவமான அமைப்பு. மதுக்கடையில் பிறந்த பிள்ளை மார்க் ஷீட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறது.

நியூயார்க் மாநிலத்தில் யூனியன் கல்லூரியில் 1825-ல் காப்பா ஆல்ஃபா, 1827-ல் சிக்மா ஃபை, டெல்டா ஃபை என்று மூன்று முளைத்தன. இன்று நாம் காணும் ஃப்ராட்டின் நேர் மூதாதையர் இவைதான். எனக்கு அவற்றில் சுவாரசியமாக எதுவும் அகப்படவில்லை. ஏலுக்குப் போவோம்.

ஏலில் 1832-ல் ஃபை பீட்டா காப்பா விருது யாருக்கு என்பதில் தகராறு. கோபித்துக்கொண்ட வில்லியம் ரஸ்ஸலும் அல்ஃபோன்சோ டாஃப்டும் மற்றும் சிலரும் சேர்ந்து 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். மண்டை ஓடும் எலும்பும். சங்கக் கட்டிடத்துக்குப் பெயர் 'கல்லறை'. வருடத்துக்கு 15 பேர். டாஃப்டின் மகனும் அதில் சேர்ந்தார், பிறகு ஜனாதிபதியும் ஆனார். 2004 தேர்தலில் மோதிய ஜார்ஜ் புஷ், ஜான் கெர்ரி இரண்டு பேருமே இந்தக் கல்லறையிலிருந்து எழுந்து வந்தவர்கள்தாம். அமெரிக்க வாக்காளர் அந்த வருடம் எதை மாற்றியிருந்தாலும் சங்கத்தை மாற்றியிருக்க முடியாது.

அதே ஏலில் 1844-ல் ஒரு நண்பர் குழு. சேர்ந்தால் எல்லாரும் சேர்வது, இல்லையென்றால் யாரும் சேர்வதில்லை என்று பேச்சு. ஏற்கெனவே இருந்த சங்கங்கள் சிலரைக் கூப்பிட்டுச் சிலரை விட்டுவிட்டன. அவ்வளவுதான், 15 பேர் கூடி டெல்டா காப்பா எப்சிலானைத் தொடங்கிவிட்டார்கள். சுருக்கமாக 'டீக்'. நட்புக்காகப் பிறந்த சங்கம், கேட்க நன்றாக இருக்கிறது. இந்த டீக்கின் கொடியை ராபர்ட் பியரி 1909-ல், வட துருவம் என்று தான் சொன்ன இடம் வரை தூக்கிப்போய் விரித்தார். பனிக்கரடி எதுவும் ரஷ்ஷுக்கு வந்ததாகக் குறிப்பு இல்லை. 1967-ல் இதே டீக்கின் ஏல் கிளையில், புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் முதுகில் சூடு வைக்கிறார்கள் என்று செய்தி வெளிவந்தது. கிளையின் முன்னாள் தலைவராக இருந்த மாணவர், சிகரெட் சுட்ட அளவு காயம்தானே என்று நியூயார்க் டைம்ஸுக்கு விளக்கம் சொன்னார். மேலே இரண்டாயிரத்து நாலில் பார்த்த அதே ஜார்ஜ் புஷ்தான்.

எனக்குப் பிடித்த ஊர் ஒஹையோவில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் மயாமி, ஊரின் பெயர் ஆக்ஸ்ஃபோர்ட், மாநிலம் ஒஹையோ. கடற்கரையும் இல்லை, இங்கிலாந்தும் இல்லை. முகவரியிலேயே ஃப்ராடு.

1848 ஜனவரியில் அங்கே நல்ல பனி. மாணவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பனியை உருட்டிக்கொண்டுவந்து கல்லூரிக் கட்டிடத்தின் கதவுகளை அடைத்துவிட்டார்கள். காலையில் பிரார்த்தனைக்கு வந்த பேராசிரியர்கள் வெளியே நின்றார்கள். கல்லூரித் தலைவர் மக்மாஸ்டர் சிரித்துவிட்டுப் போயிருந்தால் வெயில் வந்து விஷயம் உருகியிருக்கும். அவர் விசாரணைக் கமிஷன் வைத்தார். மாணவர்கள் மறுநாள் இரவும் அடைத்தார்கள். கூட்டம் கூட்டமாகப் பையன்களை வெளியேற்றியதில், ஏற்கெனவே இருந்த இரண்டு சங்கங்களும் ஆளில்லாமல் காலியாயின. காலி மனையைப் பார்த்துச் சும்மா இருப்பார்களா? அதே வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆறு பேர் ஃபை டெல்டா தீட்டாவைத் தொடங்கினார்கள். அந்தச் சங்கத்தின் சட்டைப் பதக்கம் ஒன்று 1969-ல் நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கோடு நிலாவுக்குப் போய்வந்தது. மக்மாஸ்டருக்குக் கொஞ்சம் நகைச்சுவை உணர்ச்சி இருந்திருந்தால் அந்தப் பயணப்பெட்டியில் ஒரு சாமான் குறைந்திருக்கும்.

ஏழு வருடம் கழித்து அதே ஊரில் நடந்தது இதைவிடப் பிரமாதம். டீக் அங்கேயும் கிளை திறந்திருந்தது, 12 பேர். கல்லூரியின் இலக்கிய மன்றத்தில் 'கவிஞர்' பதவிக்குத் தேர்தல் வந்தது. நம் சங்கத்து ஆள் நிற்கிறான், எல்லாரும் அவனுக்கே ஓட்டுப் போட வேண்டும் என்றது ஒரு கோஷ்டி. நாலு பேர் முடியாது என்றார்கள். காரணம்? சகோதரன் நல்லவன்தான், ஆனால் அவனுக்குக் கவிதை வராது. வெளியாள் ஒருவன் நன்றாக எழுதுகிறான், ஓட்டு அவனுக்குத்தான்.

மதுரைச் சங்கப்பலகையைக் கேள்விப்பட்ட நமக்கு இது புரியும். பலகை தகுதியான புலவனுக்குத்தான் இடம் விடும், வேண்டியவன் என்றால் தள்ளிவிடும். அமெரிக்க நாட்டுப்புறத்தில், இருபது வயதுப் பையன்கள் நாலு பேர் நக்கீரர் வேடம் கட்டியிருக்கிறார்கள், அதுவும் அரசாங்கப் பதவிக்கோ பணத்துக்கோ இல்லை, கவிதைக்காக! இன்னும் இரண்டு பேர் இந்தப் பக்கம் சேர, சரிக்குச் சரி ஆறு ஆறு. சமாதானம் பேசலாம் என்று இந்த ஆறு பேர் 1855 பிப்ரவரியில் கூப்பிட்டபோது, எதிர்க் கோஷ்டியின் வைட்லா ரீட் வெளியூரிலிருந்து பழைய மாணவர் ஒருவரை அழைத்துவந்தார். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளைப் போலவே அவரும் ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டுத் தீர்ப்போடு வந்திருந்தார். பெஞ்சமின் ரங்க்கிள் தன் சட்டையிலிருந்த பதக்கத்தைப் பிடுங்கி மேஜையில் எறிந்துவிட்டு வெளியே நடந்தார்.

வெளியேறிய ஆறு பேரும் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு ஜூன் 28 அன்று 'சிக்மா ஃபை' என்று தனிக்கடை போட்டார்கள். அந்தப் பெயரில் யூனியன் கல்லூரியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். அடுத்த ஜனவரியில் சங்கத்தின் சாசனம், சடங்குக் குறிப்பு, முத்திரை எல்லாம் ஒருவர் அறையிலிருந்து திருட்டுப்போயின. ரகசியச் சங்கத்தின் ரகசியம் போனால் மிச்சம் என்ன? பெயரை மாற்றினார்கள். அதுதான் சிக்மா கை. கையும் பையும் கிரேக்க எழுத்துகள், கேலி செய்யாதீர்கள். கவிதைக்காகச் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இன்று அமெரிக்காவின் பெரிய ஃப்ராட்களில் ஒன்று. கவிதை எழுதுகிறார்களா என்று பையனை விசாரிக்கச் சொன்னேன். "ஃபுட்பால் பாக்குறாங்க சித்தப்பா" என்றான்.

சரி, அந்தக் காலத்துப் பையன் எதில் சேர்வது என்று எப்படி முடிவு செய்தான்? அவன் முடிவு செய்யவில்லை. ரயிலடியிலேயே பிடித்துவிடுவார்கள். பெட்டியைத் தூக்கும் சாக்கில் மூத்த மாணவர்கள் பாய்ந்து வந்து புதுப் பையனை அமுக்கிச் சட்டையில் பதக்கத்தைக் குத்தப் பார்ப்பார்கள். ரஷ் என்ற சொல்லே இந்தப் பாய்ச்சலிலிருந்து வந்தது என்கிறார்கள். நம் ஊரில் பஸ் நிலையத்தில் லாட்ஜ் ஏஜெண்டுகள் செய்ததுதான், அவர்களுக்குக் கிரேக்கம் தெரியாது. நிதானமான குடும்பத்துப் பிள்ளைகளுக்காக வில்லியம் ரேமண்ட் பேர்ட் என்பவர் 1879-ல் ஒரு கையேடு போட்டார். எந்தச் சங்கம், எப்போது பிறந்தது, எத்தனை கிளை, எந்தெந்தப் பெரிய மனிதர்கள் உறுப்பினர் என்று சகல விவரமும் அதில் இருக்கும். படித்தால் கல்யாண மாலையில் வரன் பார்க்கிற உணர்ச்சி வரும்.

ஆனால் நீ தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. ஒரு பெட்டி வரும். உறுப்பினர் ஒவ்வொருவரும் அதற்குள் வெள்ளைக் கோலியோ கறுப்புக் கோலியோ போடுவார்கள். பல சங்கங்களில் ஒரே ஒரு கறுப்புக் கோலி விழுந்தாலும் ஆள் அவுட். யார் போட்டது என்று கேட்கக்கூடாது. உத்திரமேரூரில் சோழர் காலத்தில் சின்னப் பையனைக் கூப்பிட்டுக் குடத்திலிருந்து ஓலை எடுக்கச் சொன்னார்கள். தோற்றவனுக்கு விதி என்ற சமாதானமாவது மிஞ்சும். இங்கே எதிரில் உட்கார்ந்து சிரிக்கிற முப்பது பேரில் எவனோ ஒருவன்.

அந்த ஒரு கோலியை வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் சும்மா வீட்டுக்குப் போகவில்லை. இந்தியானாவில் ஆஸ்பரி கல்லூரியில் பெட்டி லாக் என்ற பெண். ஃபை காமா டெல்டா பையன்கள் அவரிடம் வந்து, எங்கள் பதக்கத்தை நீ குத்திக்கொள்ளலாம் என்றார்கள். உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். அது முடியாது, பதக்கம் மட்டும்தான் என்றார்கள். அப்படியானால் வேண்டாம் என்று பதக்கத்தை மறுத்துவிட்டார். பையன்களுக்குச் சங்கடமாகிவிட்டது போலிருக்கிறது, வெள்ளியில் ஒரு கேக் கூடை வாங்கிப் பரிசளித்தார்கள். கூடையை வாங்கிக்கொண்டு, 1870 ஜனவரியில் பெண்களுக்கென்றே காப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினார் பெட்டி லாக். பெண்கள் சங்கத்துக்கு 'சொராரிட்டி' என்ற பெயர்கூட அப்போது கிடையாது. 1882-ல் ஒரு லத்தீன் வாத்தியார் வைத்துக்கொடுத்த பெயர் அது. அதுவரை பெண்களும் சகோதரர்களாகவே இருந்தார்கள்.

சங்கம் தொடங்காமல் வேறு வழியில் தீர்த்துக்கொண்டவர் மிஸிஸிப்பியின் லீ ரஸ்ஸல். ஏழை வீட்டுப் பிள்ளை. மிஸிஸிப்பிப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஃப்ராட்காரர்கள் அவரைச் சீந்தவில்லை. படித்து முடித்து வக்கீலாகி, சட்டமன்றத்துக்குப் போய், 1912-ல் மாநிலக் கல்லூரிகளில் ஃப்ராட்டர்னிட்டிகளுக்கே தடை கொண்டுவரச் செய்தார். ஒரு மாணவர் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 1915-ல் தீர்ப்பாகிவிட்டது. ரஸ்ஸல் 1920-ல் மாநில ஆளுநராகவும் ஆனார். கறுப்புக் கோலி போட்டவர்கள் அவர் சிலைக்கு மாலை போட வேண்டிய நிலை வந்திருக்கும், சிலை மட்டும் வைத்திருந்தால்.

இதில் கிளைக்கதை ஒன்று. ரஸ்ஸலுடன் கூட்டாக வக்கீல் தொழில் செய்தவர் ஜே.டபிள்யூ.டி. ஃபாக்னர் என்ற பெரியவர். அவருடைய பேரன் 1919-ல் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தடை அமலில் இருக்கும்போதே திருட்டுத்தனமாக சிக்மா ஆல்ஃபா எப்சிலானில் உறுப்பினரானார். தாத்தாவின் பார்ட்னர் போட்ட பூட்டைப் பேரன் பின்பக்கமாக ஏறிக் குதித்திருக்கிறான். பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கிய வில்லியம் ஃபாக்னர்தான் அந்தப் பேரன். படிப்பைப் பாதியில் விட்டார், பட்டம் வாங்கவில்லை. நான் இதைப் பையனிடம் சொல்லவில்லை.

நிறம் பார்த்து ஒதுக்கிய கதை இதைவிட நீளம், சிரிப்பும் குறைவு. வெள்ளைக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று பல சங்கங்கள் சாசனத்திலேயே எழுதிவைத்திருந்தன. 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் பிற்பாடு சேர்ந்தது அதில்தான். 1948-ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஃபை காப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டது. தலைமைக்கு வந்த கோபத்தில் கிளையையே வெளியே தள்ளினார்கள். கிளை கவலைப்படவில்லை. காப்பாவை எடுத்துவிட்டு ஆல்ஃபாவைப் போட்டு, ஃபை ஆல்ஃபா சை என்று தன்பாட்டுக்கு நடந்தது. நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? 1994-ல் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் தெற்காசிய மாணவர்களுக்காக அயோட்டா நியூ டெல்டா வந்தது. ஐ, என், டி என்று முதலெழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள். கிரேக்கத்தில் வேஷம் போட்டாலும் பாஸ்போர்ட் வெளியே தெரிகிறது.

தமிழ்நாட்டுக்கும் ஒரு கண்ணி உண்டு. ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908-ல் கறுப்பினப் பெண்கள் தொடங்கியது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. 1986-ல் அங்கே அதில் சேர்ந்த ஒரு மாணவியின் தாத்தா, மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்துக்காரர். கமலா ஹாரிஸ் 2020 ஆகஸ்டில் துணை ஜனாதிபதி வேட்பாளராகப் பேசியபோது, தன் குடும்பம் என்றால் யார் யார் என்று அடுக்கினார். அதில் சித்திகளும் வந்தார்கள், ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவும் வந்தது. சித்தியாவதற்கு ரஷ் இல்லை, சந்தா இல்லை, கோலி போட்டு நீக்கவும் வழியில்லை என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றுதான் தோன்றியது.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது பையன் கேட்டான்: "அப்ப சேரலாமா, வேண்டாமா?"

"சேர். ஆனா ஒண்ணு. 1873-ல கார்னெல்ல புதுசா சேர வந்த ஒரு பையனைக் கண்ணைக் கட்டி ராத்திரில கூட்டிட்டுப் போனாங்க. பள்ளத்துல விழுந்து செத்துப்போனான். அதுக்கப்புறம் நூத்தம்பது வருஷமாகியும் இது நிக்கல. எவனாவது கண்ணைக் கட்டுறேன், பாட்டிலைக் கவுக்குறேன்னு சொன்னா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடு. எவ்வளவு பெரிய சங்கமா இருந்தாலும் சரி. அப்புறம் சந்தா எவ்வளவுன்னு மொதல்லயே எழுதி வாங்கு, உங்கப்பாகிட்ட நான் பேச மாட்டேன்."

"பிட் குடுக்கலேன்னா?"

"உன்னை மாதிரி இன்னும் நாலு பேருக்கும் கிடைச்சிருக்காது. அவங்க எங்க நிக்கிறாங்கன்னு பாரு. பேருக்கு எழுத்து இருபத்துநாலு இருக்கு."

வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்கு ரஷ் தொடங்குகிறது. கடன் அட்டையில் ஒரு கோட்டு வாங்கியிருக்கிறான். அண்ணி சமாதானமாகிவிட்டார். பையன் அமெரிக்காவில் தமிழ்ச் சங்கத்தில் சேர்ந்திருப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.